அந்தக் காலேஜுக்கு இந்த வருடம் எத்தனை லோரேயா?

தைப்பூசக் காவடி இறங்கி, கோயில் பின்கட்டில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து இலையில் ஒரு பழைய மாணவி. ஒரு காலத்தில் என் தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சு, இப்போது ஆறாம் வகுப்பில் கால் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தாய். ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "சார், அந்தப் பெரிய காலேஜில் இந்த வருடம் எத்தனை லோரேயா? போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டதாமே?" பேச்சு தீவின் பொதுமொழியான கிரியோலில்தான். மொரீஷியஸில் தமிழ் வாத்தியாரும் தமிழ் மாணவியும் சாப்பாட்டு இலையில் வேறு எந்த மொழியில் பேசுவார்கள்? தமிழாக்கியது நான். லோரேயா என்றால் அரசு செலவில் வெளிநாட்டில் படிக்கத் தேர்வான பிள்ளை, விவரம் பின்னால்.

நான் கேட்ட அளவில், இந்தக் கேள்வி வராத பிப்ரவரியே இல்லை. மேல்நிலைத் தேர்வான எச்.எஸ்.சி. முடிவுகள் பெரும்பாலும் காவடியை ஒட்டித்தான் வரும். ஒரு பக்கம் கோயில் கொடி, இன்னொரு பக்கம் கல்லூரி முற்றத்தில் ஆரவாரம். இங்கே 'காலேஜ்' என்றால் ஏழாம் வகுப்பு முதல் பதின்மூன்றாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளி. தமிழ்நாட்டு வாசகர்கள் பட்டப்படிப்புக் கல்லூரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

லோரேயா பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பரிசு வென்றவர் என்று பொருள். கேம்பிரிட்ஜ் வினாத்தாள்களைக் கொண்டு மொரீஷியஸ் தேர்வு வாரியம் நடத்தும் எச்.எஸ்.சி.யில், முதன்மைப் பாடங்கள் மூன்று, துணைப் பாடம் ஒன்று, கட்டாயமான ஜெனரல் பேப்பர் ஒன்று. இவற்றில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து அறிவியல், பொருளியல், கலை, தொழில்நுட்பம் எனப் பிரிவு பிரிவாக வரிசை போடுவார்கள். நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸுக்குத் தனி இடம் உண்டு. வரிசையின் உச்சியில் நிற்கிறவர்களுக்கு அரசு செலவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிப்பு. அவர்கள்தான் லோரேயா. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் இப்படித் தேறுகிறவர்கள் சில டஜன் பேர்.

அறிவிக்கிற நாளைப் பார்த்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் கையில் தாள். மாடிப் படியிலும் மதில்மேலும் பிள்ளைகள். ஒரு பெயர் படிக்கப்பட்டதும் கத்தல், கண்ணீர், அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி ஊர்வலம். ஓரமாக ஒரு அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுவார். அடுத்த நாள் லெக்ஸ்பிரஸ், லெ மொரிசியன் பத்திரிகைப் பக்கங்களில் முகங்கள். அதற்குள்ளேயே கணக்கும் தொடங்கிவிடும்: அந்தக் காலேஜுக்கு இத்தனை, இந்தக் காலேஜுக்கு இத்தனை, அதற்கு ஒன்றுகூட இல்லை.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு 'மாநிலத்தில் முதலிடம்' என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தினார்கள். பள்ளிகள் அந்தப் பெயர்களை ஃபிளெக்ஸ் பேனரில் போட்டு வியாபாரம் செய்தது ஒரு காரணம். இங்கே பேனர் தேவையில்லை. வாய்ச் செய்தியே போதும், தீவு சின்னது.

சரி, எண்ணிக்கைக்கு இவ்வளவு மவுசு ஏன்? காலனிக் காலத்தில் இதற்கு 'இங்கிலீஷ் ஸ்காலர்ஷிப்' என்று பெயர். ராயல் காலேஜ் பையன்களில் மிகச் சிலருக்குக் கிடைத்தது. கியூர்பிப்பில் கருங்கல் கட்டடமாக நிற்கும் ராயல் காலேஜுக்கும் போர்ட் லூயி ராயல் காலேஜுக்கும் உள்ள பெயர் அந்தக் காலத்தில் வேரூன்றியது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகன் கப்பலேறி டாக்டராகவோ வக்கீலாகவோ திரும்ப ஏறக்குறைய அது ஒன்றுதான் வாசல். பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி இருந்தது, இல்லாதவருக்கு இல்லை. அதனால்தான் எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்தே லோரேயா என்றால் சொந்தக்காரர் மட்டுமில்லை, தெருவே மாலை போடும்.

அப்புறம் 1975 மே 20. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறித் தலைநகரை நோக்கி நடந்தார்கள். நல்ல காலேஜுக்கும் ஏழைக் காலேஜுக்கும் இருந்த பள்ளம் அவர்கள் கோபத்தின் ஒரு பகுதி. 1977 முதல் உயர்நிலைக் கல்வி இலவசமானது. அப்போது நிதியமைச்சர் வீராசாமி ரிங்காடு, நம்மவர். பிற்காலத்தில் குடியரசின் முதல் ஜனாதிபதி. கட்டணம் போயிற்று. ஆனால் நல்ல காலேஜ் என்று பெயர் எடுத்தவற்றில் இருந்த இடங்கள் அதே எண்ணிக்கைதான், வாசலில் நிற்கிறவர்கள் பல மடங்கு. இடத்தைப் பங்கிட ஒரு சல்லடை வேண்டியிருந்தது. சி.பி.இ. என்ற ஆறாம் வகுப்புத் தேர்வு அந்தச் சல்லடையாயிற்று.

இன்றைய பேச்சுக்கு அடித்தளம் அந்தச் சல்லடைதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தீவு முழுவதற்குமான வரிசை எண். முதல் நூறுகளில் வந்தவர் 'ஸ்டார்' காலேஜுக்குப் போவார். பின்னால் வந்தவர் இடம் கிடைத்த இடத்துக்கு. மூன்றில் ஒரு பிள்ளை தேறவே இல்லை என்ற நிலை வெகு காலம் நீடித்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, சுற்றுப்புறவியல் ஆகியவற்றின் மதிப்பெண் அந்த வரிசைக்குச் சேரும். தமிழ், இந்தி, உருது போன்ற கீழை மொழிகளின் மதிப்பெண் சேராது. சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். இந்த மொழிகளைப் படிக்காத பிள்ளைகளுக்கு, முக்கியமாக ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் குடும்பங்களுக்கு, அது அநியாயம் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 1995-இல் அரசு அதற்காக அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து தோற்று, நாடாளுமன்றம் கலைந்து, டிசம்பர் தேர்தலில் ஆட்சியே 60-க்கு 0 என்று கவிழ்ந்தது. பதினொரு வயதுப் பிள்ளையின் தமிழ்த் தாள் ஒரு அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பியது என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை.

2000-க்குப் பின் வந்த சீர்திருத்தம் வரிசை எண்ணை எடுத்துவிட்டது. வட்டாரத்துப் பிள்ளை வட்டாரக் காலேஜுக்கு என்று ஏற்பாடு. 2005-இல் ஆட்சி மாறியது, அடுத்த ஆண்டே ஏ பிளஸ் என்ற புதுத் தரம் வந்து சல்லடை திரும்பியது. 2017-இல் சி.பி.இ. போய் பி.எஸ்.ஏ.சி. என்ற ஆறாம் வகுப்புத் தேர்வு வந்தது. ஒன்பது ஆண்டுத் தொடர்கல்வி என்று பெயர். ஒன்பதாம் வகுப்பு முடிவில் என்.சி.இ. என்ற தேர்வு, 2021-இல் முதல்முறையாக நடந்தது. அதில் உச்சியில் வருகிறவர்கள் பத்தாம் வகுப்புக்கு 'அகாடமி' எனப்படும் பன்னிரண்டு காலேஜ்களுக்குப் போகலாம் என்பது அந்த ஏற்பாடு. இரண்டு ராயல் காலேஜ்களும், குவீன் எலிசபெத் காலேஜும், அந்தக் காலத்து ஸ்டார்களில் இன்னும் சிலவும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம். சல்லடையைப் பதினொரு வயதிலிருந்து பதினைந்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, என் மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு அகாடமியில் இந்த வருடம் எட்டு லோரேயா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டுப் பேரும் பத்தாம் வகுப்பு வாசலைத் தாண்டும்போதே என்.சி.இ.யில் உச்சியில் வந்தவர்கள். அதற்காகத்தான் உள்ளே விட்டார்கள். எழுதப் படிக்கக் கற்றுத்தந்தது ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி. அல்ஜீப்ராவுக்கும் இலக்கணத்துக்கும் அடி போட்டது ஒரு வட்டாரக் காலேஜ். ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் அந்தப் பிள்ளையை வளர்த்த அந்த வட்டாரக் காலேஜின் கணக்கில் அவர் பெயர் ஏறாது. அங்கே லோரேயா பூஜ்யம். பெற்றோர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து 'அது ஒன்றுக்கும் உதவாது' என்பார்கள்.

இந்த நோய் எங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் குடியேறிய உறவினர் வீட்டிலும் இதே பேச்சுத்தான். சொல்தான் வேறு, 'நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட்'. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்து ஆண்டுக்குச் சுமார் 16,000 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த ஹைஸ்கூலில் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டு, அதைப் பார்த்து வீடு வாங்குகிற இடத்தையே முடிவு செய்கிற பெற்றோர் உண்டு. ஆனால் அந்த 16,000 இடங்களும் மாநிலவாரியாகப் பங்கிடப்படுகின்றன, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வெட்டு மதிப்பெண். நியூ ஜெர்சியில் நூலிழையில் தவறிய மதிப்பெண்ணோடு மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பிள்ளை தாராளமாகத் தேறிவிடும். ஆக, இரண்டு மாநிலப் பள்ளிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவது வெவ்வேறு படியால் அளந்த அரிசியை ஒப்பிடுவதுதான்.

அங்கேயே ஒரு பள்ளி எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி. கடுமையான நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்தது, ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட செமிஃபைனலிஸ்ட்கள். 2020-இல் அந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, வட்டாரத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு பங்கு இடம் என்று மாற்றினார்கள். சரியா தவறா என்று அங்கே நீதிமன்றம் வரை சண்டை, அதற்குள் நான் போகவில்லை. புது முறையில் நுழைந்த முதல் அணி பன்னிரண்டாம் வகுப்பை எட்டியபோது, 2024-இல், செமிஃபைனலிஸ்ட் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கட்டடம் அதே, ஆய்வுக்கூடம் அதே. மாறியது வாசல். அந்தப் பழைய எண்ணிக்கையில் பெரும்பங்கு வாசலின் கைவேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். கத்ர் போர்ன் பக்கம் ஒரு வீட்டுக் கார் ஷெட். கார் வெளியே நிற்கும், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளும் இரண்டு நீள பெஞ்சும், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பின்னேரம் மூன்று மணிக்கு இயற்பியல் லேசோன் தொடங்கும். 'லேசோன்' என்றால் டியூஷன். மகனைக் கூட்டிவரப் போன ஒரு நாள், சும்மா நிற்கிற நேரத்தில் சீருடைகளை எண்ணிப் பார்த்தேன். முன் பெஞ்சில் ஐந்து பேர், நான்கு காலேஜ் சீருடை. நான்கு காலேஜிலும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான்கு தலைமையாசிரியர்களும் பிப்ரவரியில் 'எங்கள் பிள்ளை' என்று தோள்தட்டிக்கொள்ளப் போகிறார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தது கார் ஷெட்காரர். அவருக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. ஆனால் அப்பாக்களின் சட்டைப்பைகளில் மாதாமாதம் நல்ல இடம் உண்டு.

பதின்மூன்றாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் பல காலேஜ்களில் நாற்காலிகள் காலியாக இருக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்து படிப்பார்கள், அல்லது ஒரு லேசோனிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார்கள். இதைச் சொன்னால் என் சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நானும் காலி நாற்காலிகளுக்குத் தொல்காப்பியம் சொன்னவன்தான். ஆரம்ப வகுப்புகளில் டியூஷனுக்குச் சட்டத் தடை உண்டு. மேல் வகுப்புக்கு இல்லை. அதனால் லோரேயா எண்ணிக்கையில் ஒரு பங்கு காலேஜின் வேலை, ஒரு பங்கு குடும்பத்தின் பணம், ஒரு பங்கு பிள்ளையின் மூளையும் பிடிவாதமும். எது எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.

இன்னொன்று, எண் மிகச் சின்னது. 'ஒன்பதிலிருந்து ஐந்தாகச் சரிந்தது' என்று தலைப்பு போடுவார்கள், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார். சராசரியாக ஆண்டுக்கு ஆறு லோரேயா வருகிற காலேஜில் ஒரு வருடம் நான்கும் மறு வருடம் எட்டும் வருவது சாதாரணத் தற்செயல். ஒரு பெண்ணுக்குப் பரீட்சையன்று ஜுரம் வந்தால் போதும். உச்சியில் இருப்பவர்களுக்குள் இடைவெளி மயிரிழை. லோரேயா ஆனவருக்கும் அடுத்த இடத்தில் நின்று ஒன்றுமே கிடைக்காதவருக்கும் படிப்பில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஆசிரியர்களான எங்களால் சொல்ல முடியாது. ஆனால் முதலாமவர் ஒரு காலேஜின் புகழ், இரண்டாமவர் அதே காலேஜின் கணக்கில் பூஜ்யம். பிரிவு விளையாட்டும் உண்டு. அறிவியல் பக்கம் கூட்டம், போட்டி அதிகம். தொழில்நுட்பப் பக்கம் எழுதுகிறவர்கள் குறைவு. எந்தப் பிரிவு எந்தக் காலேஜில் பலம் என்று பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டி ஒப்பிட்டால் வெண்டைக்காயையும் பலாக்காயையும் ஒரே தட்டில் எடைபோட்ட மாதிரி.

எனக்குச் சொந்தமான வருத்தம் ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் நன்றாகத் தமிழ் எழுதிக்கொண்டிருந்த பையன் ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போவான். கேட்டால் அப்பா சொல்வார்: "சார், தமிழ் நல்லதுதான், ஆனால் லோரேயாவுக்கு உதவாதே." பதினான்கு வயதில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதையே இந்த எண் ஆட்டிப்படைக்கிறது. லோரேயா ஆகப்போகிறவர் அவர் மகன் இல்லை என்பதும் அவருக்கு உள்ளூரத் தெரியும்.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இருநூறு பேர் எச்.எஸ்.சி. எழுதுகிற காலேஜில் ஆறு லோரேயா. மீதி 194. உங்கள் பிள்ளை அந்த 194-இல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம், மிகப் புத்திசாலிப் பிள்ளையாக இருந்தாலும். அந்த 194 பேருக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டளவில் எச்.எஸ்.சி. எழுதியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தேறினார்கள். மீதிக் கால்பங்கு எங்கே போனது? அதற்கும் முன்னால், பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பு எஸ்.சி. தேர்விலும் உதிர்ந்தவர்கள்? பி.எஸ்.ஏ.சி.யில் தவறி 'நீட்டிப்புத் திட்டம்' என்ற வகுப்பில் உட்காரவைக்கப்பட்டு, அங்கேயும் என்.சி.இ.யில் மிகக் குறைவானவர்களே தேறிய பிள்ளைகள்? வட்டாரக் காலேஜ்களில் அவர்களைச் சுமந்து கரையேற்றப் பாடுபடுகிற ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு எந்தப் பத்திரிகையிலும் போட்டோ வந்ததில்லை.

அதற்காக எண்ணே பொய் என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் சூழ உட்கார்ந்து படிப்பதில் பயன் உண்டு, ஒருவர் பார்த்து ஒருவர் ஏறுவார்கள். பத்து வருடம் தொடர்ந்து ஒரு பாடத்தில் ஒரு காலேஜ் முன்னே நின்றால் அங்கே அந்தப் பாடத்துக்கு ஒரு நல்ல ஆசிரியர் இருக்கலாம். நுழையும்போது சராசரியாக இருந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரக் காலேஜ் எப்போதாவது ஒரு லோரேயாவைக் கொடுத்தால், அந்த ஒன்று எனக்கு அகாடமியின் எட்டைவிடப் பெரிய செய்தி. அந்தக் காலேஜில் யாரோ உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள்.

இலையை மடித்துவிட்டு என் மாணவியிடம் சொன்னேன்: "போய் ஒரு கேள்வி கேளுங்கள். ஏழாம் வகுப்பில் நூறு பிள்ளைகள் சேர்ந்தால், எஸ்.சி. வரை எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள், எத்தனை பேர் தேறுகிறார்கள்? அதோடு, இயற்பியலுக்கும் கணக்குக்கும் போன மூன்று வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், மேல் வகுப்பில் பிள்ளைகள் கடைசிப் பருவத்தில் வகுப்புக்கு வருகிறார்களா? அதற்குப் பதில் சொல்கிற இடத்தைப் பாருங்கள்." அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். பெயர் பெற்ற ஒரு இடத்தில் கேட்டாராம். "அந்த மாதிரிக் கணக்கு நாங்கள் வைப்பதில்லை மேடம், லோரேயாக்கள் போட்டோ வராந்தாவில் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்" என்று பதில். பார்த்திருக்கிறார், பழைய கறுப்பு வெள்ளைப் படம் வரை எல்லாம். பஸ்ஸில் பத்து நிமிடம் தள்ளி இருக்கும் வட்டாரக் காலேஜிலும் கேட்டிருக்கிறார். அங்கே துணைத் தலைமையாசிரியை மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீல நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வருடவாரியாகப் படித்துக் காட்டினாராம். எண்கள் ஒன்றும் பிரமாதமில்லை. போன வருடம் ஏன் குறைந்தது என்பதற்கும் அந்த அம்மாள் காரணம் சொன்னாராம்: கணக்கு ஆசிரியர் பாதி வருடம் இல்லை.

"இப்போது எந்தக் காலேஜை முதலில் எழுதுவது சார்?" என்றார். படிவம் நிரப்ப இன்னும் மாதங்கள் இருந்தன. மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவளைக் கேட்கவே இல்லை என்றார்.